தூசியைப் பார்த்து வேலையைத் தேர்ந்தெடுப்பது: சுங்கை சிப்புட்டில் நான்கு வழிகள்

பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிவு வந்த கையோடு எங்கள் ஊர்ப் பிள்ளைகளைத் தேடி வேலைகள் வரத் தொடங்கிவிடும். மேற்படிப்புக்குப் போகிறவர்கள் போக, மற்றவர்களுக்கு, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட்டிலிருந்து மோட்டாரில் போய்வரும் தூரத்தில் கிடைப்பவற்றில் நான்கு வேலைகள் தூசி வேலைகள். ஈப்போவைத் தாண்டிச் சிம்பாங் பூலாய் பக்கம் சுண்ணாம்புக்கல் அரைக்கும் ஆலை, செம்பனை ஆலையில் பாய்லர் பகுதி, மலையடிவாரத்துக் கருங்கல் குவாரி, சமையலறைக் கேபினட்டுக்குக் குவார்ட்ஸ் டாப் (மேற்பலகை) அறுத்துப் பொருத்தும் பட்டறை. பால்மரம் சீவிய தாத்தா பாட்டிக்கு இந்தத் தேர்வு இருந்ததில்லை. தோட்டம் கைமாறி, லயத்தை விட்டு வெளியே வந்த தலைமுறைக்கு இருக்கிறது.

பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் சில பெற்றோர் என்னிடம் வந்து கேட்பார்கள். சம்பளம், ஓ.டி., பெட்ரோல் செலவு எல்லாம் கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். தூசியைப் பற்றிக் கேட்டால் மட்டும் ஒரே ஓர் அளவுகோல்தான்: பையன் வீட்டுக்கு எப்படி வருகிறான்? "சுண்ணாம்பு ஆலையில வேலை பார்க்கிற பக்கத்து வீட்டுப் பையன் புருவம் வரைக்கும் வெள்ளையா வர்றான் சார். கேபினட் கடையில அப்படி இல்ல. மேலே கூரை இருக்கு, ஃபேன் ஓடுது, சட்டைகூட அவ்வளவா அழுக்காகறதில்ல. சம்பளமும் கூட." பெற்ற மனம் அப்படித்தான் பார்க்கும். ஆனால் நுரையீரலுக்குள் இருக்கும் செல்களிடம் கேட்டால் இந்த வரிசை தலைகீழாக மாறிவிடும். கண்ணுக்கு மோசமாகத் தெரிகிற தூசியை அவை ஓரளவு சமாளித்துவிடும். கண்ணுக்கே தெரியாத தூசியிடம்தான் தோற்றுப்போகும். எந்த வேலை என்று முடிவு செய்யும் முன் அந்தச் செல்களைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். மனித முடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். 10 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களில் பெரும்பாலானவை மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். சிந்தினால், காறித் துப்பினால் போய்விடும். அதைவிடச் சிறியவை மூச்சுக்குழாய்ச் சளியில் ஒட்டிக்கொள்ளும். குழாய்ச் சுவரில் ஓயாமல் அசையும் நுண்மயிர்கள் அந்தச் சளியை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். 4 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள துகள்கள் இந்த இரண்டு காவலையும் கடந்து, காற்று நுண்ணறைகள் வரை போய்ச் சேரும். அங்கேதான் உயிர்வாயு இரத்தத்தில் கலக்கிறது. இரண்டு நுரையீரலிலும் சேர்த்து 30 முதல் 50 கோடி நுண்ணறைகள் உண்டு; விரித்தால் ஏறத்தாழ 70 சதுர மீட்டர் பரப்பு வரும். அவ்வளவு பரப்பிலும் நுண்மயிர் கிடையாது.

அந்த இடத்தைக் காப்பவை மேக்ரோபேஜ் எனப்படும் விழுங்கும் செல்கள். 1882இல் இத்தாலியின் மெசினாவில், நட்சத்திர மீனின் இளம் பருவ உயிரிகளுக்குள் ரோஜா முள்ளைச் செருகிப் பார்த்தார் எலீ மெச்னிகாஃப். முள்ளைச் சுற்றிச் செல்கள் வந்து மொய்த்துக்கொண்டன. உடலுக்குள் நுழைந்த அந்நியப் பொருளை விழுங்கவே சில செல்கள் இருக்கின்றன என்று அதிலிருந்து அவர் சொன்னதற்கு, 1908இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் நுண்ணறைகளில் உலவும் மேக்ரோபேஜ் ஏறத்தாழ 20 மைக்ரான் அகலம் இருக்கும். கிருமியோ தூசியோ, வந்ததை அணைத்து உள்ளே இழுத்து ஒரு பைக்குள் அடைக்கும். லைசோசோம் என்னும் இன்னொரு பை அதனோடு சேர்ந்து அமிலத்தையும் நொதிகளையும் கொட்டும். கரையக்கூடியது கரைந்துவிடும். கரையாததைச் சுமந்துகொண்டு அந்தச் செல் மெல்ல ஊர்ந்து சளி இருக்கும் குழாய்க்கோ நிணநீர்க் கணுவுக்கோ போகும்.

இவ்வளவுதான் அதன் தொழில். ஒரு வேலையின் தூசி பொறுக்கத்தக்கதா என்பதை மூன்று கேள்விகளில் பார்த்துவிடலாம். இந்தச் செல்லின் அமிலத்தில் அது கரையுமா? கரையாவிட்டாலும் செல்லைக் காயப்படுத்தாமல் கிடக்குமா? எவ்வளவு தூசி எத்தனை ஆண்டுகளுக்கு வரப்போகிறது?

வெள்ளையாக வருகிறவன்

கிந்தா பள்ளத்தாக்கில் செங்குத்தாக எழுந்து நிற்கும் மலைகள் சுண்ணாம்புக்கல். வெள்ளீயம் தோண்டிய காலத்திலிருந்தே இந்த ஊர்களின் அடையாளம் அவைதான். இங்குள்ள கல் தூய்மையானது என்பதால் பொடியாக்கி பெயிண்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் காகிதத்துக்கும் அனுப்புகிறார்கள். ஆலைக்குள் போனால் இரும்புத் தூண் முதல் டீக்குவளை வரை எல்லாம் வெள்ளை.

இந்தப் பொடி கால்சியம் கார்பனேட். பள்ளி ஆய்வகத்தில் இதன்மேல் அமிலம் விட்டால் நுரைத்துக் கரைவதைப் பிள்ளைகளே பார்த்திருப்பார்கள். மேக்ரோபேஜின் பைக்குள் இருக்கும் அமிலம் அவ்வளவு வீரியமானதல்ல. அதன் பிஎச் 5ஐ ஒட்டி இருக்கும். ஆனாலும் 2, 3 மைக்ரான் துகளைக் கரைக்க அது போதும். கரைந்த கால்சியம் உடலில் ஏற்கெனவே இருக்கும் கால்சியத்தோடு கலந்துவிடும். செல் பிழைத்து அடுத்த துகளுக்குப் போகும். தூய சுண்ணாம்புக்கல் தூசி நுரையீரலில் தழும்பு உண்டாக்கும் வகையாகக் கருதப்படாததற்குக் காரணம் இந்தக் கரைதல்தான்.

அதற்காக அந்த வெள்ளை மேகத்தில் மாஸ்க் இல்லாமல் நிற்கலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. செல்லுக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. எலிகளில் நடந்த தூசிச் சோதனைகளை வைத்து 1988இல் பால் மாரோ ஒரு கணக்குச் சொன்னார்: மேக்ரோபேஜின் கன அளவில் சுமார் 6 சதவீதத்தைத் தூசி அடைத்துக்கொண்டதும் அதன் நகர்வு மந்தமாகும், 60 சதவீதத்தை எட்டினால் நின்றேவிடும். விஷமில்லாத தூசிக்கும் இது பொருந்தும். நகர முடியாத செல் கிருமி வந்தாலும் ஓடிப் பிடிக்காது. மூச்சுக்குழாயோ அதற்கு முன்பே எரிச்சலடைந்து, நாள்பட்ட இருமலும் சளியும் வந்துவிடும்.

ஆலைக்குள்ளேயே எந்த இடம் என்பதையும் கேட்க வேண்டும். கல்லைச் சூளையில் சுட்டு எடுக்கும் சுட்ட சுண்ணாம்பு வேறு பொருள். ஈரம் பட்டால் கொதிக்கும். கண்ணையும் தொண்டையையும் வேகவைத்துவிடும். மலையின் மேல்மண்ணை அகற்றும் இடத்திலும், களிமண்ணும் மணலும் கலந்த கல் உடைபடும் இடத்திலும் அமிலத்தில் கரையாத குவார்ட்ஸ் என்னும் படிகம் கலந்திருக்கலாம். அரைக்கும் கூடத்திலும் மூட்டை கட்டும் இடத்திலும் தூசியின் அளவு அதிகம், வகை சாது. இந்த இரண்டையும் தனித்தனியே எடைபோட வேண்டும்.

செம்பனை ஆலையின் பாய்லருக்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. நாரும் ஓடும் எரிந்து மிஞ்சும் சாம்பலில் ஏறத்தாழ பாதி, மணலின் மூலப்பொருளான சிலிக்கா என்று கேட்டதும் பயம் வரும். ஆனால் அதில் பெரும்பகுதி படிகமற்ற சிலிக்கா. அணுக்கள் ஒழுங்கின்றிக் கிடக்கும் வகை. இது படிக வகையைவிடச் சீக்கிரம் கரையும், செல்லையும் அவ்வளவு குலைக்காது. குவார்ட்ஸ், கிறிஸ்டோபலைட் என்னும் படிக வகைகளும் சிறிதளவு அதில் கலந்திருக்கும் என்பதால் சாம்பல் அள்ளும் நாளும் பாய்லருக்குள் இறங்கிச் சுத்தம் செய்யும் நாளும்தான் ஆபத்தானவை. அந்த நாள்களில் நல்ல மாஸ்க் கட்டாயம் வேண்டும். மற்ற நாள்களில் சூடும் சத்தமும்தான் பெரிய தொல்லை. பையன் தேர்வெழுதிப் பாய்லர் டிக்கெட், அதாவது பாய்லர் இயக்கும் தகுதிச் சான்றிதழ், எடுத்துவிட்டால் வேறு ஆலைகளிலும் அவனுக்கு மதிப்பு உண்டு. நான்கில் எதைச் சொல்வாய் என்று என்னைக் கேட்டால், தூசியையும் எதிர்காலத்தையும் சேர்த்துப் பார்த்து இதைத்தான் முதலில் சொல்வேன்.

குவாரியும் குவார்ட்ஸும்

நம் பள்ளத்தாக்கின் இருபுறமும் எழும் பெரிய மலைத்தொடர்கள் கருங்கல். கிழக்கே தித்திவங்சா, மேற்கே கிளெடாங். சாலைக்கும் வீட்டுக்கும் வேண்டிய ஜல்லி அந்த வகைக் கல்தான். கருங்கல்லில் ஏறத்தாழ 20 முதல் 45 சதவீதம் வரை படிக சிலிக்கா, அதாவது குவார்ட்ஸ், இருக்கும். சுண்ணாம்புக்கல்லில் பொதுவாக 2 சதவீத அளவுதான்.

குவார்ட்ஸ் துகளையும் மேக்ரோபேஜ் அதே ஆர்வத்தோடுதான் விழுங்குகிறது. அமிலப் பையில் போட்டதும் எதுவும் நடப்பதில்லை. குவார்ட்ஸ் கரையாது. கரையாமல் கிடந்தாலாவது பரவாயில்லை. வெல்டிங் செய்கிறவர்களின் நுரையீரலில் இரும்புத் துகள் அப்படித்தான் செல்களுக்குள் கிடக்கும். எக்ஸ்ரேயில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தாலும் பெரும்பாலும் அவ்வளவு சேதம் செய்வதில்லை. குவார்ட்ஸ் அப்படிச் சும்மா இருப்பதில்லை. அதன் மேற்பரப்பில் உள்ள சிலனால் என்னும் வேதிக் குழுக்கள் பையின் சவ்வோடு பிணைந்து அதைக் கிழித்துவிடும். ஆலிசனும் அவருடைய சகாக்களும் 1966இலேயே இதைக் காட்டினார்கள். லைசோசோம் உடைந்து, அதன் நொதிகள் செல்லுக்குள்ளேயே கொட்டிவிடும். தூசியைச் செரிக்க வைத்திருந்தது தன்னையே செரிக்கத் தொடங்கும்.

அதற்குப் பிறகு நடப்பது தெளிவாகத் தெரிய இன்னும் 40 ஆண்டுகள் ஆயின. 2008இல் பல ஆய்வுக்குழுக்கள் ஒரே விடையைக் கண்டன. அவற்றில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருந்த யூர்க் சோப்பின் குழுவும் ஒன்று. செல்லுக்குள் என்எல்ஆர்பி3 என்று ஓர் எச்சரிக்கைப் புரதம் உண்டு. லைசோசோம் உடைந்ததும் அது மற்றப் புரதங்களைச் சேர்த்துக்கொண்டு இன்ஃப்ளமசோம் என்ற கூட்டமைப்பாகத் திரளும். அது காஸ்பேஸ்-1 என்ற நொதியை எழுப்ப, அந்த நொதி இண்டர்லூக்கின்-1 பீட்டாவை வெட்டி வெளியே அனுப்பும். 'இங்கே கிருமி புகுந்துவிட்டது' என்று சுற்றியுள்ள செல்களுக்கெல்லாம் போகும் அவசரச் செய்தி அது. வீக்கம் கூடும், வேறு விழுங்கும் செல்களும் வெள்ளணுக்களும் வந்து குவியும். ஆனால் கொல்வதற்கு அங்கே கிருமி கிடையாது.

செய்தி அனுப்பிய செல் சில மணி நேரத்திலோ நாள்களிலோ செத்துவிடும். அதன் வயிற்றிலிருந்த குவார்ட்ஸ் துளியும் மாறாமல் வெளியே விழும். அடுத்து வரும் செல் அதை விழுங்கும். அதுவும் சாகும். ஒவ்வொரு சுற்றிலும் டிஜிஎஃப்-பீட்டா போன்ற வேதிச் செய்திகள் நார் உண்டாக்கும் செல்களைத் தூண்டிக் கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தைப் படியவைக்கும். வெங்காயத்தோல் அடுக்குகளாகச் சுற்றிய தழும்பு முடிச்சுகள் உருவாகும். இதுதான் சிலிக்கோசிஸ். வேலையை விட்டு நின்ற பிறகும் இந்த நோய் வளர்வதற்கான காரணமும் இங்கேயே இருக்கிறது: உள்ளே போன குவார்ட்ஸ் போன இடத்தில் இருக்கும்வரை இந்தச் சுழற்சி நிற்பதில்லை. தழும்பைத் திரும்பப் பஞ்சாக்கும் மருந்து கிடையாது. முற்றிய நிலையில் எஞ்சுவது நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை மட்டுமே.

நம் ஊர்களில் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காசநோய்க் கிருமி உடலுக்குள் வந்தால் தங்குவது இதே மேக்ரோபேஜுக்குள்தான். நல்ல நிலையில் இருக்கும் செல் அதைப் பல ஆண்டுகள் அடைத்து வைத்துவிடும். குவார்ட்ஸால் அடிபட்ட செல்லால் முடியாது. சிலிக்கோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் வரும் ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். ஒரே அறையில் பலர் தங்கும் குவாரிக் குடியிருப்பில் ஒருவருக்கு வந்தால் அது அவரோடு நிற்காது. ஆகவே குவாரியில் வேலை செய்கிறவர் இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் 'தூசு இருமல்தான்' என்று விட்டுவிடாமல் கபத்தைச் சோதிக்க வேண்டும்.

எச்சரிக்கைச் செய்தி நிற்காமல் போய்க்கொண்டே இருப்பதால் நோயெதிர்ப்பு மண்டலம் உடலின் மீதே திரும்புவதும் உண்டு. தென் ஆப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களில் தோல் இறுகும் ஸ்கிளெரோடெர்மா நோய் மிகுதியாக இருப்பதை 1957இல் எராஸ்மஸ் என்ற மருத்துவர் பதிவு செய்தார். முடக்குவாதத்துக்கும் லூப்பஸுக்கும் சிலிக்காவோடு தொடர்பு உண்டு. 1997இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, வேலையிடத்தில் சுவாசிக்கும் படிக சிலிக்காவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பொருள்களில் சேர்த்தது.

அப்படியானால் குவாரி வேலையே வேண்டாமா? அப்படி ஒரே அடியாகச் சொல்ல மாட்டேன். குவாரி திறந்தவெளி, காற்றும் மழையும் உதவும். நம் பேராக் மழை தூசிக்கு நல்ல எதிரி. எந்த இடத்து வேலை என்பதுதான் முக்கியம். கதவடைத்த, ஏர்கோன் ஓடும் எஸ்கவேட்டர் கேபினில் இருப்பவர் மூச்சில் போவதும், பாறையில் துளையிடும் மெஷின் பக்கத்தில் நிற்பவர் மூச்சில் போவதும் வேறு வேறு. கல் நொறுக்கும் கிரஷரின் வாய்ப் பக்கமும், சல்லடைப் பக்கமும், வறண்ட நாளில் லோரி ஓடும் மண்பாதையும் மோசமான இடங்கள். லைசன்ஸ் எடுத்து மெஷின் ஓட்டப் போகிறான் என்றால், கேபின் கண்ணாடி உடையாமல் இருக்கிறதா, ஃபில்டர் மாற்றுகிறார்களா என்று பார்த்துவிட்டுச் சேரலாம். கிரஷர் பக்கம் நிற்கும் பொது ஆள் வேலை என்றால், தண்ணீர் தெளிக்கும் குழாய்கள் வேலை செய்வதைக் கண்ணால் பார்க்கும்வரை நான் சரி என்று சொல்ல மாட்டேன்.

சுத்தமாகத் தெரியும் பட்டறை

இப்போது அந்தக் கூரையும் ஃபேனும் உள்ள இடத்துக்கு வருவோம்.

குவார்ட்ஸ் டாப் என்பது மலையிலிருந்து வெட்டியெடுத்த கல் அல்ல. நொறுக்கிய குவார்ட்ஸைப் பிசினோடு கலந்து அழுத்திப் பலகையாக்கியது. வழக்கமான பலகையில் படிக சிலிக்கா 90 சதவீதத்தை ஒட்டியும் அதற்கு மேலும் இருக்கும். கறை பிடிக்காது, வீடு வாங்குகிறவர்களுக்குப் பிடித்த நிறங்களில் வரும். அதனால் புதிய வீட்டுமனைப் பகுதிகளில் எல்லாம் இதற்குத் தேவை இருக்கிறது. கைக் கிரைண்டரில் ஓரம் வழிப்பதும் சிங்க்குக்கு ஓட்டை வெட்டுவதும்தான் ஆபத்தான வேலைகள். வேகமாகச் சுழலும் வைரத்தகடு கல்லை மிக நுண்ணிய துகளாக்கும். கண்ணுக்குத் தெரியும் பொடி தரையில் விழுந்துவிடும். நுண்ணறைக்குப் போகும் பொடி மூடிய கூடத்துக்குள் பல மணி நேரம் மிதந்துகொண்டிருக்கும். ஃபேன் அதை வெளியேற்றுவதில்லை, கூடம் முழுக்கப் பரப்புகிறது. சட்டை அழுக்காகாததை வைத்து யாரும் நிம்மதி அடையக் கூடாது.

இன்னொரு காரணமும் உண்டு. குவார்ட்ஸ் உடைந்த அந்த நிமிடத்தில் அதன் புது முகங்களில் அறுந்த வேதிப் பிணைப்புகள் திறந்து கிடக்கும். அவை தண்ணீரோடும் ஆக்ஸிஜனோடும் வினைபுரிந்து செல்லைச் சேதப்படுத்தும் தனி உறுப்புகளை (ஃப்ரீ ரேடிக்கல்) உண்டாக்கும். பழைய மணலின் பொடியைவிடப் புதிதாக அறுத்த குவார்ட்ஸ் பொடி மேக்ரோபேஜுக்குக் கொடியது. பட்டறையில் வேலை செய்பவர் அறுத்த மறுகணமே அதைச் சுவாசிக்கிறார்.

இது வெறும் கணிப்பாக நின்றுவிடவில்லை. இஸ்ரேலில் 1997 முதல் 2010 வரை இத்தகைய பலகை வெட்டிய 25 பேருக்குச் சிலிக்கோசிஸ் இருந்ததை மோர்தெகாய் கிராமரின் குழு 2012இல் வெளியிட்டது. அவர்களில் 10 பேருக்கு நுரையீரல் மாற்ற வேண்டியிருந்தது. கலிஃபோர்னியாவில் 2023இல் வெளியான ஆய்வில் 52 நோயாளிகள். அவர்களின் நடு வயது 45, அதற்குள் 10 பேர் இறந்திருந்தார்கள். ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தப் பலகையைச் செய்வதையும் விற்பதையும் பொருத்துவதையும் தடைசெய்துவிட்டது. மாஸ்க்கும் தண்ணீரும் வைத்துச் சமாளிக்கலாம் என்று பல ஆண்டுகள் முயன்ற பிறகு எடுத்த முடிவு அது.

வழக்கமான சிலிக்கோசிஸ் வர 10 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். சிலிக்கா மிக அதிகமாகப் போனால் 5 முதல் 10 ஆண்டுகளில் வரும் விரைவு வகையும், சில மாதங்களிலேயே வரக்கூடிய தீவிர வகையும் உண்டு. தீவிர வகையில் தழும்பு ஏறும் வரை காத்திருக்கக்கூட நேரம் இருப்பதில்லை. நுண்ணறைகளின் சுவரில் இயல்பாகச் சுரக்கும் கொழுப்பும் புரதமும் கலந்த திரவத்தைப் பழையது சேராமல் அகற்றுவதும் மேக்ரோபேஜின் வேலைதான். அவை கொத்தாகச் சாகும்போது அந்தத் திரவம் தேங்கி நுண்ணறைகளை நிரப்பிவிடும். 20 வயதில் சேரும் பையன் 30க்குள் படியேற முடியாமல் நிற்கலாம் என்று பெற்றோரிடம் சொல்லும்போது எனக்கே குரல் அடைக்கும். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பாய்லரைத் தவிர மற்ற மூன்றையும் ஒரே தராசில் வைக்க ஒரு கணக்குப் போடலாம். அமெரிக்காவில் 2016 முதல் உள்ள வரம்பு: 8 மணி நேர வேலையில் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம் படிக சிலிக்கா. வேலை செய்யும் ஒருவர் ஒரு ஷிப்டில் சுமார் 10 கன மீட்டர் காற்றை இழுக்கிறார். ஆக ஒரு நாளுக்கு 500 மைக்ரோகிராம், அதாவது அரை மில்லிகிராம். ஒரு சீனி மணியின் எடையைவிடக் குறைவு. இப்போது மூன்று இடங்களிலும் நுண்தூசி ஒரே அளவு, கன மீட்டருக்கு 1000 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். சுண்ணாம்புக்கல்லில் சிலிக்கா 2 சதவீதம் என்றால் 20 மைக்ரோகிராம், வரம்புக்குள். கருங்கல்லில் 30 சதவீதம் என்றால் 300. வரம்பைப்போல் 6 மடங்கு. குவார்ட்ஸ் டாப்பில் 90 சதவீதம் என்றால் 900, 18 மடங்கு. பாய்லர் சாம்பலை இந்த வரிசையில் வைக்க முடியாது, அதில் படிக வகை எவ்வளவு என்பது ஆலைக்கு ஆலை மாறும். புருவம் வெள்ளையாக வருகிற பையனின் அம்மாவுக்கு இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன். குவார்ட்ஸ் பட்டறை மாதம் சில நூறு வெள்ளி கூடக் கொடுத்தாலும், உலர்வாக அறுக்கும் இடம் என்றால் என் பதில் வேண்டாம் என்பதே. முழுக்கத் தண்ணீர் பாயும் மெஷினில் அறுத்து, கைக் கிரைண்டரே எடுக்காத பெரிய தொழிற்சாலை என்றால் பேசலாம். ஆனால் பொருத்தப் போகும் வீட்டில் ஓட்டை சரியாக வரவில்லை என்று அங்கேயே உலர்வாக வெட்டினால் அந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடும்.

ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்களுக்கு

தண்ணீர், உறிஞ்சும் மெஷின், மாஸ்க் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். மூன்றும் சமமல்ல. தண்ணீர் தூசியைப் பிறக்கும் இடத்திலேயே பிடிக்கிறது. தகட்டின் மேல் ஓடாத தண்ணீர், அதாவது வாளியில் எடுத்துக் கல்லை நனைப்பது, போதாது. உறிஞ்சும் குழாயும் தகட்டை ஒட்டியே இருக்க வேண்டும். கூரையில் மாட்டிய எக்ஸாஸ்ட் ஃபேன் பயன்படாது. தண்ணீரில் சேர்ந்த சேறு காய்ந்தால் மறுபடி தூசிதான். எனவே ஈரமாகவே அள்ள வேண்டும், விளக்குமாறு வேண்டாம்.

மாஸ்க் கடைசி. துணி மாஸ்க்கும் நீல மெடிக்கல் மாஸ்க்கும் இந்த வேலைக்கு ஆகாது. ஓரத்தில் காற்று நுழைந்துவிடும். என்95 சரியாகப் பொருந்தினால் உள்ளே போகும் தூசியைச் சுமார் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் என்று கணக்கில் கொள்கிறார்கள். மேலே சொன்ன 900இல் அது 90 ஆகிறது. வரம்பு அப்போதும் தாண்டுகிறது. தாடி வைத்தவருக்கு அந்தப் பத்தில் ஒன்றும் நிச்சயமில்லை. நம் வெக்கையில் இரண்டு மணி நேரத்தில் வியர்வையில் நனைந்து, பையன் கழுத்துக்கு இறக்கிவிடுவான். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. மாஸ்க்கை மட்டும் நம்பி ஓடும் பட்டறையைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

கம்ப்ரஸர் காற்றால் சட்டையைத் தட்டுவது எல்லாப் பட்டறையிலும் நடக்கும் பழக்கம். ஒரு நாள் முழுக்கக் காத்த நுரையீரலை அந்த அரை நிமிடம் கெடுத்துவிடும். வேலை உடையை அங்கேயே மாற்றிவிட்டு வர வேண்டும். வீட்டில் அம்மாவோ மனைவியோ உதறித் துவைக்கும் சட்டையில் அதே குவார்ட்ஸ் இருக்கிறது. சிகரெட்டையும் விட வேண்டும். புகை நுண்மயிர்களை முடக்கிவிடுவதால், மேலே போக வேண்டிய தூசியும் கீழேயே நிற்கும்.

சேருவதற்கு முன் ஒரு மார்பு எக்ஸ்ரேயும் மூச்சு ஊதும் சோதனையும் எடுத்து, முடிவை வீட்டில் பத்திரப்படுத்துங்கள். பிறகு ஏதாவது வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அதுவே ஆதாரம். தொடக்க நிலையில் எக்ஸ்ரேயில் தெரியாதது சி.டி. ஸ்கேனில் தெரியலாம். கிளினிக்குக்குப் போனால் 'கல் வேலை' என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தக் கல், உலர்வாகவா தண்ணீரிலா, எத்தனை ஆண்டு என்று சொல்லுங்கள். சிலிக்கோசிஸை வேறொரு நுரையீரல் நோயாகவோ காசநோயாகவோ எடுத்துக்கொள்வதற்கு, கேட்காத கேள்வியும் சொல்லாத பதிலும் பெரிய காரணம்.

மலேசியாவில் கனிமத் தூசிக்கென்றே 1989இல் தனி விதிமுறைகள் வந்தன. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த வேலையிடப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம், உடனடி ஆபத்து உள்ள இடத்திலிருந்து விலகும் உரிமையைத் தொழிலாளிக்குத் தந்திருக்கிறது. தூசியால் வரும் நுரையீரல் நோய், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் சொக்சோவில் பெயர் இல்லாமல், கையில் காசு வாங்கிக்கொண்டு வேலை செய்தவருக்குத் தான் அங்கே வேலை செய்ததையே நிரூபிப்பது கடினம். அதனால் முதல் மாதத்திலிருந்தே சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கி, எக்ஸ்ரே வைத்த அதே உறையில் போட்டு வையுங்கள்.